வரட்சியை விசாரித்த பத்திரிகையாளர்



மழை பிந்தினாலும் கிணறு உவர்த்தாலும் “காலநிலை மாற்றம்” என்று சொல்லி நாம் பேச்சை முடித்துவிடுகிறோம். அப்படி முடிக்காமல் விசாரித்த ஒருவரைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

பாலகும்மி சாய்நாத் 1957இல் சென்னையில் பிறந்தவர். 1980இல் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தார். 1993 முதல் இந்தியாவின் மிக வறிய மாவட்டங்களுக்குச் சென்று எழுதினார். மன்னார் வளைகுடாவின் அக்கரையிலுள்ள இராமநாதபுரமும் அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர் தூரத்தை நடந்தே கடந்தார். அக்கட்டுரைகள் 1996இல் நூலாயின. ஒடிசாவின் களஹாந்தியில் மழை குறைவில்லாதிருந்தும் மக்கள் பட்டினி கிடந்ததை அவர் எடுத்துக்காட்டினார். வரட்சி நிவாரணப் பணம் யாருடைய கைக்குப் போகிறது என்றும் தேடினார். 2007இல் அவருக்கு மக்சாய்சாய் விருது கிடைத்தது. 2014இல் கிராம மக்களின் வாழ்வைப் பதிவுசெய்யும் ‘பாரி’ என்னும் ஆவணக்களரியைத் தொடங்கினார்.

2019இல் காலநிலை மாற்றத்தைப் பற்றி எழுதுவதற்காக ஆந்திராவின் அனந்தப்பூருக்குப் போனார். அங்கே வயல்களில் மணல் பறந்தது. அவர் முதலில் கேட்டது விவசாயிகளிடம். மழையின் போக்கு மாறியதுடன், சிறுதானியம் போய் நிலக்கடலை மட்டும் பயிரானது, மரங்கள் அழிந்தன, ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. காரணம் ஒன்றல்ல, பல என்பது தெரிந்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? நுரைச்சோலையில் எரியும் நிலக்கரி உட்பட, உலகெங்கும் எழும் புகை பூமியைச் சூடாக்குவது உண்மை. ஆனால் கற்பிட்டியின் மணல் நிலத்தில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். வானத்தை மட்டும் குற்றஞ்சாட்டினால் பூமியில் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இடம்பெயர்ந்து வந்த நம்மிடம் காணி உறுதி இல்லாதிருக்கலாம். கண்டதைத் திகதியோடு எழுதிய கொப்பி இருந்தால், அதிகாரிகள் முன் நமது பேச்சுக்கு ஆதாரம் இருக்கும்.

செய்ய வேண்டியவை:

1. மழை பெய்த நாள், கிணற்று நீர்மட்டம், நீரின் சுவை ஆகியவற்றை வாரந்தோறும் எழுதுங்கள்.

2. முதியவர்களிடம் முன்பு மாரி தொடங்கிய காலத்தைக் கேட்டுக் குறியுங்கள்.

கலந்துரையாட:

1. நமது கிணறுகள் எப்போது உவர்க்கத் தொடங்கின? அப்போது அருகில் புதிதாக வந்தவை எவை?

2. நாமே திருத்தக்கூடியது எது? பிறரிடம் கேட்க வேண்டியது எது?