முள்ளந்தண்டும் முண்ணாணும்

எமது உடலை நிமிர்த்தி வைத்திருப்பது முள்ளந்தண்டாகும். நாரி நோகும்போது மட்டுமே நாம் அதனை நினைக்கின்றோம். அது ஒரே என்பு அன்று. பிறக்கும்போது அதில் 33 சிறிய என்புகள் காணப்படும். கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, நாரியில் 5. அதன் கீழுள்ள 5 என்புகளும் வளர வளர ஒன்றாகப் பொருந்தித் திருவென்பு ஆகின்றன. இலத்தீன் மொழியிலும் அதற்குப் ‘புனித என்பு’ என்றே பெயர். கடைசி 4 என்புகளும் சேர்ந்தது குயிலின் சொண்டு போலிருப்பதால் குயிலலகு எனப்படும். இதனால் வளர்ந்தவரின் முள்ளந்தண்டில் 26 என்புகளே எண்ணப்படுகின்றன.

என்புகளுக்கு இடையே மெத்தை போன்ற 23 தட்டுகள் உள்ளன. இவற்றின் நடுவே நீர்த்தன்மையான களி போன்ற பொருளும், அதனைச் சுற்றி உறுதியான நார் வளையங்களும் உண்டு. பகல் முழுவதும் உடற்பாரம் அழுத்துவதால் தட்டுகளிலிருந்து சிறிது நீர் வெளியேறுகின்றது. ஆகவே காலையில் இருந்த உயரத்திலும் மாலையில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் குறைந்திருப்போம். இரவு படுத்துறங்க அது மீண்டுவிடும். முழங்காலை மடிக்காமல் குனிந்து நெல் மூட்டையைத் தூக்கும்போது இத்தட்டுகளில் அழுத்தம் மிகக் கூடுகின்றது. நார் வளையம் கிழிந்தால் உள்ளிருக்கும் களி பின்புறமாகப் பிதுங்கி நரம்பை நெருக்கும். நாரியிற் தொடங்கிப் பாதம் வரை இழுக்கும் நோவுக்கு இது முக்கிய காரணமாகும். சுவாமி காவும் இளைஞர்களும் குந்தியிருந்து, கால்களின் பலத்தால் எழும்புவதே நல்லது.

என்புகளின் துவாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்து ஒரு குழாய் போலாகின்றன. மூளையிலிருந்து வரும் முண்ணாண் அதனுள்ளே பாதுகாப்பாக இருக்கின்றது. சின்னி விரலளவு தடிப்பும் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நீளமுமுடைய இதிலிருந்து 31 சோடி நரம்புகள் புறப்படுகின்றன. வளர்ந்தவர்களில் முண்ணாண் நாரியின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகின்றது. சிசேரியன் சத்திரசிகிச்சைக்கு முதுகில் ஊசி போட்டால் நடக்க முடியாமற் போகும் என்று சிலர் அஞ்சுவர். ஊசி ஏற்றப்படுவதோ முண்ணாண் முடிந்த இடத்திற்குக் கீழேயாகும்.

முண்ணாண் அறுந்தால் அது மீண்டும் வளர்ந்து பொருந்துவதில்லை. நெஞ்சுப் பகுதியில் அறுந்தால் கால்கள் செயலிழக்கும். சிறுநீர், மலம் கழிக்கும் கட்டுப்பாடும் போய்விடும். கழுத்தில் என்றால் கைகளும் சேர்ந்தே செயலிழக்கும். கழுத்தின் மேற்பகுதி பாதிக்கப்பட்டால் மூச்செடுப்பதே நின்றுவிடலாம்.

பனையிலோ தென்னையிலோ இருந்து ஒருவர் விழுந்துவிட்டால் நாம் செய்வது என்ன? ஓடிச்சென்று இருத்தி, தண்ணீர் பருக்கி, ஒருவர் கையிலும் ஒருவர் காலிலும் பிடித்து முச்சக்கரவண்டியில் ஏற்றுகின்றோம். என்பு உடைந்திருந்தாலும் முண்ணாண் அதுவரை தப்பியிருக்கக் கூடும். உடைந்த என்பு அசைந்து அதனை வெட்டுவது இந்தத் தூக்கலின்போதுதான். அன்பினாற் செய்வதே ஆளை முடமாக்கிவிடுகின்றது.

விழுந்தவரை விழுந்தபடியே விடவேண்டும். தலையணை வைக்கக் கூடாது. குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது. ஒருவர் தலைமாட்டில் இருந்து தலையையும் கழுத்தையும் அசையாமற் பிடித்துக்கொள்ள, மற்றவர் 1990 இலக்கத்திற்கு அழைத்து, உயரத்திலிருந்து விழுந்தவர் என்று சொல்லி அம்புலன்சை வரவழைக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பலர் சேர்ந்து, மரக்குற்றியை உருட்டுவது போலத் தலையையும் உடலையும் ஒருசேரப் பக்கவாட்டிற் திருப்பலாம். அவ்விடத்தில் வைத்திருப்பது ஆபத்து என்றால் மாத்திரம், தலை முதல் கால் வரை நேராக இருக்கும்படி நான்கைந்து பேர் ஒரே நேரத்திற் தூக்கிப் பலகையொன்றிற் கிடத்த வேண்டும். பலகை இல்லாவிடின் வீட்டுக் கதவைக் கழற்றி எடுக்கலாம்.