சீனக்குடாவில் பயிற்சி தயாரிப்போருக்கு: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள வேலைகளில் பல, கவனம் தப்பினால் உயிர் வாங்கக்கூடியவை. சீனக்குடாவில் பிரீமா மாவு ஆலை, டோக்கியோ சீமெந்து ஆலை, பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள். அவற்றோடு அஷ்ரப் இறங்குதுறை, கொட்பே மீன்பிடித் துறைமுகம். காற்றில் மிதக்கும் மாவுத் தூசி வெடிக்கும். 1878இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் அப்படி ஓர் ஆலை வெடித்து 18 பேர் இறந்தார்கள். எண்ணெய்த் தாங்கியின் உள்ளோ கப்பலின் அடியறையிலோ ஒட்சிசன் குறைந்திருந்தால், இறங்கியவரோடு அவரைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து சாகிறார்.

இப்படிப்பட்ட இடத்தில், புதிதாக வருபவருக்கு எதை எப்படிக் கற்றுத்தருவது என்று திட்டமிடுவது பெரிய பொறுப்பு. ஆனால் அது பெரும்பாலும் மனிதவளப் பிரிவில் ஒருவருக்கோ பாதுகாப்பு அலுவலருக்கோ மேலதிக வேலையாகத்தான் வந்து சேர்கிறது. அவர்கள் நல்ல மனதோடு பிடித்துக்கொண்டிருக்கும் சில நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், சிலர் செய்து கற்பவர்கள். ஆளுக்கேற்ற பாணியில் பயிற்சி வேண்டும்.

உண்மை: ஹரோல்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் இந்தக் கருத்துக்கான ஆதாரங்களை அலசினார்கள். பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்று காட்டப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் முடிவு. ஆளுக்கு ஆள் விருப்பம் வேறுபடலாம். ஆனால் கயிற்றில் முடிச்சுப் போட யார் கற்றாலும் கயிற்றைக் கையில் எடுத்தாக வேண்டும். அபாய மணிகளை வேறுபடுத்தி அறிய யாரானாலும் அவற்றைக் காதால் கேட்டாக வேண்டும். கற்கும் பொருள்தான் வழியைத் தீர்மானிக்கிறது.

நம்பிக்கை: படித்ததில் 10 வீதம், கேட்டதில் 20 வீதம், செய்ததில் 90 வீதம் நினைவில் நிற்கும்.

உண்மை: இந்த வீதங்களைக் காட்டும் கூம்புப் படத்துக்குக் கல்வியாளர் எட்கர் டேலின் பெயரைப் போடுகிறார்கள். அவர் 1946இல் வெளியிட்ட கூம்பில் எந்த வீதக் கணக்கும் இல்லை. எண்கள் பிறர் ஒட்டியவை. உங்கள் விளக்கப் படங்களில் அது இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

நம்பிக்கை: முடிவில் கொடுத்த கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'மிக நன்று' என்று போட்டார்கள். பயிற்சி வெற்றி.

உண்மை: இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை என்பேன். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் செய்த ஒரு சோதனையில், ஒரு குழு ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: 83 வீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து எல்லாம் தலைகீழானது. படித்தவர்கள் 40 வீதத்துக்கு இறங்கினார்கள், நினைவிலிருந்து எடுத்துப் பழகியவர்கள் 61 வீதத்தில் நின்றார்கள். தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியிருந்ததும் திரும்பப் படித்தவர்கள்தான். மண்டபத்தை விட்டு வெளியேறும்போது நிரப்பும் படிவம் அந்த ஐந்தாவது நிமிடத்தைத்தான் அளக்கிறது. தாங்கிக்குள் இறங்குபவருக்கு வேண்டியதோ வாரங்கள் கழித்தும் கைகொடுக்கும் நினைவு.

அந்த நினைவுக்கு இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பழக வேண்டும் என்பதைக் கடலோடிகளின் உலகம் விதியாகவே எழுதியிருக்கிறது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை, மூடிய இடங்களில் இறங்கும் பொறுப்பும் மீட்கும் பொறுப்பும் உள்ள மாலுமிகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை செய்ய வேண்டும் என்று 2015 ஜனவரி முதல் கட்டாயமாக்கியது. வருடத்துக்கு ஒருநாள் விரிவுரை போதும் என்று அது விடவில்லை. கரையில் இருக்கும் ஆலைகளும் இந்த இடைவெளிக் கணக்கைத் தாராளமாகப் பின்பற்றலாம். முழுநாள் வகுப்பை உடைத்து, மாதாமாதம் வேலை தொடங்குமுன் அரை மணி நேரமாக்குங்கள். அந்த அரை மணியில் நீங்கள் பேசாதீர்கள். வாயுமானியைத் தொழிலாளியின் கையில் கொடுத்து, அடுத்து என்ன என்று கேளுங்கள்.

நம்பிக்கை: தவறு நடந்ததா? இன்னொரு பயிற்சி வையுங்கள்.

உண்மை: ரொபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970இல் எழுதிய நூல் இந்தப் பழக்கத்தைத்தான் கேள்வி கேட்டது. அந்த ஆளுக்கு உண்மையிலேயே செய்யத் தெரியாதா, தெரிந்தும் செய்ய முடியவில்லையா என்று முதலில் பாருங்கள். தூசிக் கவசங்கள் மேற்பார்வையாளரின் அலுமாரியில் பூட்டிக் கிடந்தால், கவசத்தின் அவசியம் பற்றிய வகுப்பால் ஒரு பயனும் இல்லை. கப்பலை விரைவில் அனுப்பினால்தான் மேலதிகக் கொடுப்பனவு என்றிருந்தால், நிதானத்தைப் பற்றிப் பாடம் நடத்துவது தொழிலாளியின் மேல் பழி போடுவதாகும்.

மொழி விஷயமும் இங்கேதான் வருகிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வேலைநேரத்தில் தோளோடு தோள் நின்று வேலை செய்யும் மாவட்டம் இது. எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்தில் மட்டுமோ, யாரும் பேசாத கரடுமுரடான மொழிபெயர்ப்பிலோ இருந்தால் குறை பலகையில் இருக்கிறது. இந்த இடத்தில் பயிற்சி தேவையில்லை, பலகையை மாற்றுங்கள் என்று முகாமையாளரிடம் சொல்லும் துணிவு, பயிற்சி வடிவமைப்பாளரின் தகுதிகளில் முதன்மையானது.

நம்பிக்கை: புதிய மென்பொருளும் வெளிநாட்டுச் சான்றிதழும் இருந்தால்தான் இந்தத் தொழிலில் முன்னேறலாம்.

உண்மை: இந்தத் தொழிலின் வேர்களில் ஒன்று மென்பொருளில் அல்ல, கப்பல் கட்டும் தளத்தில் இருக்கிறது. முதலாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல் தளங்களுக்கு அவசரமாக ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்களைப் பழக்கும் பொறுப்பு சார்ள்ஸ் அலனிடம் வந்தது. தேர்ந்த தொழிலாளிகளையே பயிற்றுநர்களாக்கி, ஆயத்தப்படுத்து, காட்டு, செய்யவிடு, சோதித்துப் பார் என்ற நான்கு படிகளில் அவர்களுக்குக் கற்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். 1919இல் நூலாகவும் எழுதினார். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கத் தொழிற்சாலைகளும், போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகளும் அந்த வழியில்தான் நடந்தன.

நம் நாட்டிலும் தொடங்குவதற்கு அடித்தளம் உண்டு. தேசிய தொழிற்தகைமைச் சட்டகம் ஏழு மட்டங்களைக் கொண்டது. பல தொழில்களுக்குத் தேசிய திறன் நியமங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. வகுப்பில் உட்காராமலே அனுபவத்தால் தேர்ந்தவருக்கு, முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் வழியும் அதில் இருக்கிறது. பயிற்சி தயாரிப்பவர் முதலில் அந்த நியமத்தை எடுத்துக்கொண்டு, இருபது வருடம் வேலை பார்த்த கிரேன் ஓட்டுநரிடம் போக வேண்டும். நியமம் சொல்லும் வேலைக்கும் அவர் செய்யும் வேலைக்கும் எங்கே வித்தியாசம் என்று கேட்டு எழுத வேண்டும். மயிரிழையில் தப்பிய சம்பவங்களை அவரிடமிருந்து சேகரிக்க வேண்டும். எந்தச் சான்றிதழ் வகுப்பிலும் கிடைக்காத பாடப்பொருள் அது.

முகாமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும்போது, உங்கள் பயிற்சி அலுவலர் ஒரு மாதம் கழித்து இறங்குதுறையிலும் ஆலைத் தளத்திலும் நின்று பார்ப்பதற்கு இரண்டு முழு நாட்களையும் சேர்த்து ஒதுக்குங்கள். அவர் கொண்டுவரும் குறிப்பில் உங்கள் மேல் குறை இருந்தாலும் அதை வாசியுங்கள்.