எட்டில் ஒன்று விடுபட்டால்

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் என்னும் பங்கு வணிக நிறுவனம் சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. புதிய மென்பொருளை எட்டு சர்வர்களில் கையால் ஏற்றிய ஊழியர் ஒன்றை விட்டுவிட்டார். அதில் கிடந்த பழைய புரோகிராம் இயங்கி, ஆர்டர்களைக் கொட்டியது. சரிபார்க்க இரண்டாம் ஆள் இல்லை.

அன்சிபிள் போன்ற தானியங்கிக் கருவியில் படிகளை ஒருமுறை எழுதி வைத்தால், எல்லா சர்வரிலும் அதே வரிசையில் செய்து, எங்கே தவறியது என்றும் காட்டும்.

இணையத்தில் ஆர்டர் வாங்கும் நாம், மென்பொருள்காரரிடம் கேட்க வேண்டியவை:

1. புதிய பதிப்பை ஏற்றுவது கருவியா, கையா?
2. ஏறியதைச் சரிபார்ப்பவர் யார்?
3. தவறினால் பழையபடி திரும்ப வழி உண்டா?

இருப்பெடுக்கும்போது ஒருவர் எண்ண, மற்றவர் எழுதுகிறோம். அந்த விதியை இங்கும் கைவிட வேண்டாம்.