எலியில் ஆறிய புண்

ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் படித்துறையிலிருந்து சற்றே சுற்றி வருவோம். வயல் வரப்பில் உழவர் பிடுங்கி எறிந்த கோரை கிடக்கிறது. திருவானைக்கா கோயில் வாசலில் பூக்காரரின் கூடையில் வில்வ இலை இருக்கிறது. கோடையில் கடைத்தெருவில் வெட்டிவேர் மணக்கும். கொத்தமல்லி விதையோ நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலேயே உண்டு. இந்த நான்கு தாவரங்களும் ஒன்றாகச் சேர்ந்து ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கின்றன. எதற்காக?

அணையாத தீ

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கிறது. இதுவே அழற்சி. கிருமிகளோடு போரிட வெள்ளணுக்கள் திரள்வதால் இது உண்டாகிறது. வேலை முடிந்ததும் அழற்சி தணிந்துவிடும். ஆனால் சிலருக்குக் குடலில் இந்தத் தீ அணைவதே இல்லை. உடலின் காவற்படையே குடற்சுவரைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. வயிற்றுவலி, இரத்தம் கலந்த பேதி, உடல் மெலிவு ஆகியவை இதன் அறிகுறிகள். பெருங்குடலில் மட்டும் வருவது ஒரு வகை. உணவுப் பாதையின் எப்பகுதியிலும் வரக்கூடியது மற்றொரு வகை; அதை 1932-இல் விளக்கிய மருத்துவர்களுள் ஒருவரின் பெயரால் 'குரோன் நோய்' என்கிறோம். இரண்டுமே பல ஆண்டுகள் தொடரும்; தணியும், மீண்டும் எழும்.

முதலில் பெயர், பிறகு மருந்து

வில்வக்காய் பேதிக்கு நல்லது என்பது நம் முன்னோர் அனுபவம். அனுபவம் ஒரு வினாவை எழுப்பும். விடையைச் சோதனைதான் தரவேண்டும். சோதனையின் முதற்படி, செடியைச் சரியாக இனங்காண்பது. 'கோரை' என்ற ஒரே பெயரில் பல இனங்கள் உள்ளன அல்லவா? தவறான செடியை அரைத்தால் முடிவும் தவறாகும். இதற்கு உதவுவது உலர்தாவரக் காப்பகம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே.எம். மாத்யூ 1967-இல் நிறுவிய இராபினாட் காப்பகம் அத்தகையது. உலர்த்தி ஒட்டிய மாதிரிகளோடு ஒப்பிட்டு, செடியின் தாவரவியல் பெயரை அங்கே உறுதி செய்யலாம்.

எலிகள் சொன்ன விடை

வில்வம், கொத்தமல்லி, கோரைக்கிழங்கு, வெட்டிவேர் ஆகிய நான்கையும் சேர்த்த ஆயுர்வேதக் கூட்டு மருந்தை மும்பை ஆய்வாளர்கள் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டனர். சுண்டெலிகளின் பெருங்குடலில் அசெட்டிக் அமிலத்தால் அழற்சி உண்டாக்கினர். புளிக்காடியில் உள்ள அமிலமே இது. எலிகளுக்கு இண்டோமெதாசின் என்னும் வலிநீக்கி மருந்தைக் கொடுத்துக் குடலைப் புண்ணாக்கினர். குடற்சுவரைக் காக்கும் பொருள்கள் சுரப்பதை இம்மருந்து தடுத்துவிடுகிறது. கூட்டு மருந்து அழற்சியைக் குறைத்தது. அதன் பலன் பிரெட்னிசோலோன் என்னும் நவீன மருந்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது.

இத்தகைய சோதனையில் விலங்குகளைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்குப் புண் மட்டும், மருந்து இல்லை. ஏன் தெரியுமா? அமிலத்தால் வந்த புண் நாளடைவில் தானாகவே ஆறும். அந்தக் குழு இல்லாவிட்டால், ஆற்றியது மருந்தா இயற்கையா என்று சொல்ல முடியாது.

இந்த விலங்குகளுக்கு வலி உண்டு என்பதை நாம் மறக்கக்கூடாது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இத்தகைய சோதனைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆய்வகங்கள் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறவேண்டும்.

எலிக்கும் மனிதனுக்கும் இடையே

எலியின் புண் நாம் உண்டாக்கியது. சில நாளில் தீர்வது. மனிதனின் நோயோ தானே தோன்றி ஆண்டுக்கணக்கில் நீடிப்பது. ஆகவே எலியில் வென்ற மருந்து, மனிதரிடம் சோதிக்கத் தகுதி பெற்றது என்று மட்டுமே பொருள்.

அந்தச் சோதனையிலும் எச்சரிக்கை தேவை. அவுரி முதலிய நீலச் செடிகளின் இலையிலிருந்து எடுக்கும் நீலப்பொடி ஒன்று சீன மருத்துவத்தில் உண்டு. ஜப்பானில் 86 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. நாளுக்கு 2 கிராம் உண்டவர்களில் 81 விழுக்காட்டினர் எட்டு வாரத்தில் தேறினர். வெற்றுமாத்திரை உண்டவர்களிலோ சுமார் 14 விழுக்காட்டினரே தேறினர். அரிய வெற்றிதான்! ஆனால் அந்த ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ஆய்வில் சேராத ஒருவர் அந்தப் பொடியைத் தாமே வாங்கி ஆறு மாதம் உண்டிருந்தார். அவருக்கு நுரையீரல் தமனியில் இரத்த அழுத்தம் உயர்ந்துவிட்டது. புண்ணை ஆற்றும் பொருளே வேறோர் உறுப்பைக் கெடுக்கவும் கூடும். 'செடிதானே, தீங்கு செய்யாது' என்று எண்ணுவது தவறு.

எனவே பேதியில் இரத்தம் கண்டால் வில்வக்காயைத் தேடி ஓடாதீர்கள், மருத்துவரிடம் செல்லுங்கள். மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டுப் பச்சிலைக்கு மாறுவதும் கூடாது. அடுத்த முறை காவிரிக் கரையில் கோரையைக் கண்டால், அதைக் களை என்றும் ஒதுக்காதீர்கள். மருந்து என்றும் விழுங்காதீர்கள். ஆராயவேண்டிய ஒரு வினாவாகப் பாருங்கள்.

சிந்தியுங்கள்

1. நான்கு பொருள் சேர்ந்த மருந்து பலன் தந்தது. பலன் தந்தது எந்தப் பொருள் என்று அறிய எத்தனை குழுக்கள் வேண்டும்?

2. புண்ணை அளப்பவருக்கு, எந்த எலி மருந்து உண்டது என்று தெரியாமல் இருப்பது நல்லது. ஏன்?