குழந்தையின் முதல் சோறு உங்கள் அடுப்பிலிருந்தே



2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்த பிறகு, முகாமிலும் தற்காலிகக் கொட்டிலிலும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியவில்லை. லொறியில் வந்ததைத்தான் கொடுத்தீர்கள். பால்மா, பிஸ்கட், நூடில்ஸ் எல்லாம் அப்படித்தான் பழக்கத்துக்கு வந்தன. இப்போது மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ உங்கள் சொந்த அடுப்பை மூட்டியிருக்கிறீர்கள். கடையில் ரின்னில் வரும் குழந்தை உணவுதான் சத்தானது, வீட்டுச் சோறு ஏழைகளின் உணவு என்ற எண்ணம் மட்டும் முகாமிலிருந்து கூடவே வந்திருந்தால், அதை வாசலிலேயே விட்டுவிடுங்கள். பிள்ளைக்கு வேண்டியதில் பெரும்பகுதி உங்கள் சோற்றுப் பானையிலும் கறிச்சட்டியிலும் இருக்கிறது.

எப்போது தொடங்குவது?

ஆறு மாதம் முடிந்ததும் தொடங்குங்கள். அதுவரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. உங்கள் உம்மாவின் காலத்தில் நான்கு மாதத்தில் கொடுத்திருப்பார்கள். அன்று சொல்லப்பட்டது அதுதான், அவர்கள் மீது குற்றமில்லை. ஆறு மாதம் என்ற பரிந்துரையை உலக சுகாதார மகாநாடு 2001 இல்தான் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகும் தள்ளிப்போட வேண்டாம். பிறக்கும்போது பிள்ளை உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து அந்த நேரத்தில் குறையத் தொடங்கும். அதைத் தாய்ப்பாலால் மட்டும் ஈடுசெய்ய முடியாது.

சோறு தொடங்கிவிட்டது என்று பாலை நிறுத்தவும் வேண்டாம். இரண்டு வருடம் பாலூட்டுவது எங்கள் வீடுகளுக்குப் புதிய செய்தியல்ல, குர்ஆனே அந்தக் காலத்தைச் சொல்கிறது. அதிர்ச்சியில் பால் வற்றிவிட்டது என்று சொல்லும் தாய்மார் பலர். பயமும் களைப்பும் பால் இறங்குவதைச் சிறிது தடுக்கலாம். பிள்ளை அடிக்கடி சப்பிக் குடித்தால் பால் திரும்பவும் ஊறும்.

தண்ணியாக அல்ல, கட்டியாக

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்திருக்க முடியும் என்றால், இதை வைத்திருங்கள். பிள்ளையின் வயிறு சின்னது. கஞ்சித் தண்ணியும் பருப்புத் தண்ணியும் அந்த வயிற்றை நிரப்பிவிடும், ஆனால் சத்துப் போதாது. பிள்ளை வயிறு நிறைந்து தூங்கும், நிறை மட்டும் ஏறாது. கரண்டியைச் சரித்தால் உடனே வழிந்து ஓடாமல் நிற்கும் அளவுக்குத் தடிப்பாக இருக்க வேண்டும்.

ஒரு பிடி அரிசி, அரைப் பிடி மைசூர்ப் பருப்பு, ஒரு துண்டு பூசணிக்காய். மூன்றையும் ஒன்றாகக் குழைய வேகவைத்து, கரண்டியால் அல்லது கழுவிய விரலால் மசியுங்கள். கிரைண்டரில் அடித்துக் கூழாக்க வேண்டாம், அப்படிக் கொடுத்தால் பிள்ளை மெல்லப் பழகாது. இறக்கும்போது ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விடுங்கள். கொழுப்புச் சேர்ந்தால் சிறிய அளவு உணவிலும் பலம் கூடும். உப்பு, சீனி, கொச்சிக்காய் எதுவும் வேண்டாம். உங்களுக்குச் சப்பென்று இருக்கும், பிள்ளைக்கு அதுதான் ருசி. பள்ளிவாசலிலிருந்து வரும் நோன்புக் கஞ்சியும் இந்த வயதுக்கு வேண்டாம், அதில் உப்பும் வாசனைச் சரக்கும் கூட.

முதல் நாட்களில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி, நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும். எட்டு மாதமாகும்போது 250 மில்லிலீற்றர் கோப்பையில் பாதி வரை கூட்டிக்கொண்டு போங்கள். புதிய உணவு ஒன்றைக் கொடுத்தால் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். வற்றாளைக் கிழங்கு, முருங்கையிலை, மசித்த வாழைப்பழம், பப்பாசிப்பழம் எல்லாம் நல்லவை.

மீனை ஏன் ஒதுக்கிவைக்கிறீர்கள்?

கரையில் கரைவலை இழுக்கிறார்கள், ஆனால் வீட்டில் பிள்ளைக்கு மீன் கொடுப்பதில்லை. “சூடு” என்கிறார்கள், அல்லது “பூச்சி வரும்” என்கிறார்கள். மீன், இறைச்சி, ஈரல் ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தைப் போலப் பிள்ளையின் உடம்பில் எளிதாகச் சேர்வது வேறில்லை. பாரை போன்ற சதைப்பிடிப்பான மீனில் ஒரு துண்டை, கறிக்குத் தூள் போடுவதற்கு முன் தனியாக அவித்து எடுங்கள். விரல்களுக்கிடையில் நசித்துப் பார்த்து முள் இல்லை என்று உறுதியான பிறகே சோற்றில் பிசையுங்கள். கோழி ஈரலும் நன்றாக வேகவைத்த முட்டையும் அப்படித்தான். கீரையும் பருப்பும் மட்டும் கொடுக்கும் நாளில் இரண்டு துளி தேசிக்காய்ப் புளி விடுங்கள், அவற்றிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். தேத்தண்ணி அதற்கு நேர்மாறானது. பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

ஒரு வயது முடியும் வரை தேன் கொடுக்க வேண்டாம். சிலவேளை அதிலுள்ள கிருமி சிறு பிள்ளைகளின் குடலில் நஞ்சை உண்டாக்கும். பெரியவர்கள் இதற்கு மனம் வருந்தலாம், மரியாதையாகச் சொல்லி விளங்கப்படுத்துங்கள்.

கிணறும் போத்தலும்

எங்கள் ஊர்களில் வளவுகள் சிறியவை, கிணறும் மலசலகூடக் குழியும் கிட்டக்கிட்ட இருக்கின்றன. கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டிருந்தாலும், பிள்ளைக்குக் கொடுக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவையுங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. கிணற்று நீர் இன்னும் உவர்ப்பாக இருந்தால் பிள்ளையின் சோற்றுக்கு பவுசர் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ பாவியுங்கள், அதையும் கொதிக்கவைத்தே. சமைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். காலையில் ஆக்கியதை மாலைக்கு வைக்க வேண்டாம்.

போத்தலும் சூப்பியும் வேண்டவே வேண்டாம், கோப்பையும் கரண்டியும் போதும். 2006 இல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நிலநடுக்கம் வந்தபோது, நன்கொடையாக வந்த பால்மாவைக் குடித்த குழந்தைகளிடம் மற்றக் குழந்தைகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வயிற்றோட்டம் காணப்பட்டது. மாவைக் கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள்.

வயிற்றோட்டம் வந்தால் உணவை நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலைக் கூட்டிக் கொடுங்கள், ஜீவனி கரைத்துக் கரண்டியால் பருக்குங்கள், சோற்றைச் சிறிது சிறிதாகப் பல தடவை கொடுங்கள். சுகமான பிறகு இரண்டு வாரத்துக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம் கண்டால், கண் குழிவிழுந்தால், பிள்ளை குடிக்க மறுத்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மீள்குடியேறிய குடும்பங்கள் பல பழைய இடத்துக் கிளினிக்கின் பதிவிலேயே இருந்தன. இப்போது இருக்கும் பகுதியின் மருத்துவமாதுவிடம் போய்ப் பெயரைப் பதியுங்கள். பிள்ளையின் பதிவேடு தொலைந்திருந்தால் சொல்லுங்கள், புதியது எழுதித் தருவார். மாதாமாதம் நிறை பார்த்துக் கோடு மேலே போகிறதா என்று கேளுங்கள். கோடு தட்டையாகக் கிடந்தால் என்ன கொடுக்கிறீர்கள், எத்தனை தடவை கொடுக்கிறீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா இலவசமாகக் கிடைக்கும். அது அந்தப் பிள்ளைக்குரியது. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு வீட்டிலுள்ள எல்லோருக்கும் உருண்டை பிடித்தால் ஒரு பைக்கற் ஒரே பின்னேரத்தில் முடிந்துவிடும்.