வில்லையைத் தெரிந்து வாங்குதல்

நுழையும்முன்

விலை மிகுந்த ஒரு பொருளை வாங்குமுன் எவற்றை ஆராய வேண்டும்? ஒளிப்படக் கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது. அறிவியல் செய்தியைத் தெளிந்த தமிழில் எழுதும் முறையையும் இதன்வழி அறியலாம்.

1. வில்லையும் கருவியும்

ஒளிப்படக் கருவியில் வில்லைக்கு உள்ள இடம், கண்ணில் மணிக்கு உள்ள இடம் போன்றது. கடைகளில் ‘லென்ஸ்’ என்று வழங்குவதையே அறிவியல் நூல்கள் ‘வில்லை’ என்கின்றன. வில்லை ஒளியைக் குவிக்கிறது. அவ்வொளியை ‘சென்சார்’ எனப்படும் உணரி பதிவு செய்கிறது. உணரியும் மின்னணு உறுப்புகளும் சில ஆண்டுகளில் பழையனவாகிவிடும். நன்கு பேணப்பட்ட வில்லையோ பல்லாண்டுகள் பயன் தரும். ஆகவே, புதிய கருவி வாங்க எண்ணுபவர், எந்த வில்லைகளை வைத்துக்கொள்வது, எவற்றைப் புதிதாக வாங்குவது என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும்.

பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் கூடுதல் நேரம் உழைத்துப் பெற்றோர் சேர்த்த பணம் இத்தகைய பொருளுக்குச் செலவாகிறது. அப்பணத்தில் பிழையான பொருளை வாங்குவது சிறிய இழப்பு அன்று.

2. ஒரு மாணவியின் தேவை

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். அவளிடம் சிறிய உணரி கொண்ட பழைய கருவி ஒன்று உள்ளது. அதனுடன் 18–55 மி.மீ., 70–300 மி.மீ. என்னும் இரண்டு வில்லைகளும் உள்ளன. அருகிலுள்ள ஹென்னாகரா ஏரியில் நீர்க்காகத்தையும் மீன்கொத்தியையும் படம் எடுப்பதில் அவளுக்குப் பெருவிருப்பம். பெங்களூர் தர்மராயசுவாமி கோயிலின் கரக ஊர்வலத்தை எடுக்கவும் அவளுக்கு ஆசை. சைத்திர மாத முழுநிலவு இரவில் நடைபெறும் விழா அது. “முழு உணரி கொண்ட பெரிய கருவி வாங்கினால் எல்லாப் படங்களும் சிறந்துவிடும்” என்று அவள் நம்புகிறாள். அந்நம்பிக்கை சரியா?

3. குவியத் தொலைவு

வில்லையின் மேல் மி.மீ. அளவில் பொறிக்கப்பட்டிருப்பது குவியத் தொலைவு. இவ்வெண் சிறிதாயின் அகன்ற காட்சி கிடைக்கும். பெரிதாயின் தொலைவிலுள்ள பொருள் அருகில் வந்ததுபோல் தோன்றும்.

முழு உணரி 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடையது. சிறிய உணரி காட்சியின் நடுப்பகுதியை மட்டுமே பதிவு செய்யும். ஆகவே அதில் 300 மி.மீ. வில்லை, முழு உணரியில் 450 மி.மீ. வில்லை காட்டும் காட்சியைக் காட்டும். நிக்கான், சோனி ஆகியவற்றின் சிறிய உணரிகளுக்கு இப்பெருக்கல் எண் ஏறத்தாழ 1.5, கேனானுக்கு 1.6.

இனி நம் மாணவியின் நிலையைக் காண்போம். பெரிய கருவிக்கு மாறிய மறுநாளே அவளுடைய 300 மி.மீ. வில்லை வெறும் 300 ஆகிவிடும். ஏரியின் நடுவில் அமர்ந்த நீர்க்காகம் அவள் படத்தில் முன்னைவிடச் சிறிதாகத் தெரியும். பழைய அளவைப் பெற மேலும் நீண்ட வில்லை தேவை; அதன் விலை பல வேளைகளில் கருவியின் விலையையே விஞ்சும். அதுமட்டுமன்று. 18–55 மி.மீ. வில்லை சிறிய உணரிக்கென்றே செய்யப்பட்டது. பெரிய உணரியில் அதனைப் பொருத்தினால் படத்தின் ஓரங்கள் இருளும்; இன்றேல் கருவி நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். அவ்வாறு வெட்டும்போது 24 மெகாபிக்சல் கருவி ஏறத்தாழ 10.7 மெகாபிக்சல் படத்தையே தரும். பெருஞ்செலவு செய்தும் கைக்கு வருவது பாதிக்கும் குறைவே.

4. துளையின் அளவு

கரக ஊர்வலத்திற்குத் தேவையானது வேறு. அங்கே ஒளி குறைவு, அசைவு மிகுதி. வில்லையினுள் ஒளி புகும் துளையின் அளவை ‘எஃப்’ எண் குறிக்கிறது. இவ்வெண் குறையக் குறையத் துளை பெரிதாகும். எண் பாதியானால் ஒளி நான்கு மடங்காகும்.

மாணவியின் 18–55 மி.மீ. வில்லை 55 மி.மீ. முனையில் எஃப் 5.6 அளவே திறக்கும். ஐம்பது மி.மீ. எஃப் 1.8 வில்லையோ ஒன்பது மடங்குக்கும் மிகுதியான ஒளியைப் புகவிடும். அதனால் 1/30 நொடி தேவைப்பட்ட இடத்தில் 1/250 நொடியே போதும். நடந்து வருபவரின் முகம் கலங்காது. பெரும்பாலான நிறுவனங்களின் வில்லைகளுள் குறைந்த விலையில் கிடைப்பவற்றுள் இதுவும் ஒன்று. மாணவிக்கு உடனடியாகத் தேவை இச்சிறு வில்லையே. அதனைப் பழைய கருவியிலேயே பொருத்தலாம்.

5. பொருத்துவாய்

வில்லையும் கருவியும் சேரும் வளையத்தைக் கடைக்காரர் ‘மவுண்ட்’ என்பர். நாம் அதனைப் பொருத்துவாய் எனலாம். நிக்கான் நிறுவனம் 1959இல் ‘எஃப்’ பொருத்துவாயைக் கொண்டுவந்தது. 2018இல் கண்ணாடியில்லாக் கருவிகளுக்கென ‘இசட்’ பொருத்துவாயை அறிமுகம் செய்தது. முன்னதில் பொருத்துவாய்க்கும் உணரிக்கும் இடைவெளி 46.5 மி.மீ.; பின்னதில் 16 மி.மீ. எஞ்சிய 30.5 மி.மீ. இடைவெளியை ஓர் இணைப்பு வளையம் நிரப்புவதால் பழைய வில்லையைப் புதிய கருவியில் பயன்படுத்த முடிகிறது. ஆனால் புதிய வில்லையைப் பழைய கருவியில் பயன்படுத்த இயலாது. தானியங்கிக் குவிப்புக்குக் கருவியின் மோட்டாரை நம்பியிருக்கும் மிகப் பழைய வில்லைகளில், மோட்டார் இல்லாத கருவியில் கையாலேயே குவியம் செய்ய வேண்டிவரும்.

கேனான் நிறுவனம் 1987இல் பொருத்துவாயை அடியோடு மாற்றியபோது, பழைய வில்லைகள் புதிய கருவிகளில் நேரடியாகப் பொருந்தவில்லை. ஆதலால், வீட்டிலுள்ள வில்லைகள் புதிய கருவியில் எவ்வளவு இயங்கும் என்பதைப் பணம் கொடுக்குமுன் உறுதி செய்க.

6. நம் படங்களே நமக்குச் சான்று

எந்த வில்லை தேவை என்பதை விளம்பரத்தைக் காட்டிலும் நாம் எடுத்த படங்களே நன்கு கூறும். ஒவ்வொரு படக்கோப்பிலும் குவியத் தொலைவும் எஃப் எண்ணும் பதிவாகியுள்ளன. கடந்த ஓராண்டில் எடுத்தவற்றுள் பிடித்த நூறு படங்களைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலானவை 18 மி.மீ. அளவில் இருந்தால் அகன்ற வில்லை தேவைப்படலாம். முந்நூறில் எடுத்தவையே மிகுதி எனில் நீண்ட வில்லை தேவை. மாலையிலும் அறையினுள்ளும் எடுத்தவை கலங்கியிருப்பின் பெருந்துளை வில்லை தேவை. மூன்றும் இல்லையெனில், இப்போது எதுவும் வாங்க வேண்டியதில்லை.

விலையுயர்ந்த வில்லையை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்தல் நன்று. பழைய வில்லை வாங்குவோர், கைவிளக்கின் ஒளியை அதனூடே செலுத்திப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. துளை இதழ்கள் தடையின்றி விரிந்து சுருங்குகின்றனவா என்பதையும் நோக்க வேண்டும்.

7. ஒரு முன்னோடி

கானுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே ஒரு கருவியை உருவாக்கிக்கொண்டார். ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரிட்டார். அதனைக் கொண்டு காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்தார். கடையில் கிடைத்தது எது என்பதைவிடத் தமக்கு வேண்டியது எது என்பதை அவர் அறிந்திருந்தார். 1970இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நம் மாணவியும் தன் தேவையை அறிந்தால் பழைய கருவியுடனேயே ஏரிக்கரைக்குச் செல்வாள். சிறு வில்லை ஒன்றை மட்டும் வாங்கிக் கரகத்துக்குக் காத்திருப்பாள். எஞ்சிய பணம் வீட்டில் இருக்கும்.

சொற்பொருள்

குவியம் – ஒளிக்கதிர்கள் கூடும் இடம்
விஞ்சும் – மிகும்
இன்றேல் – இல்லையெனில்
கானுயிர் – காட்டில் வாழும் உயிரினம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கருவியைக் காட்டிலும் வில்லை நெடுநாள் பயன் தருவது ஏன்?
2. பெரிய உணரிக்கு மாறினால் பறவைப் படங்களில் ஏற்படும் மாற்றம் யாது?
3. சிறிய உணரியில் (1.5) 50 மி.மீ. வில்லை எந்தக் குவியத் தொலைவுக்கு நிகரான காட்சியைத் தரும்?

ஆ. பிரித்து எழுதுக.
பல்லாண்டு, பெருவிருப்பம், பெருந்துளை

இ. சிந்தித்து எழுதுக.
உங்கள் வீட்டில் அண்மையில் வாங்கிய ஒரு பொருளை எண்ணுங்கள். அதனை வாங்குமுன் ஆராய்ந்தவை, ஆராயத் தவறியவை ஆகியவற்றை ஒரு பக்க அளவில் எழுதுக. திருக்குறளின் ‘தெரிந்து செயல்வகை’ அதிகாரத்திலிருந்து பொருத்தமான ஒரு குறளைத் தேர்ந்து அதனுடன் இணைத்துக் காட்டுக.