வீட்டு நாயும் வீட்டாரும்

2009 ஜனவரியில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் உடையார்கட்டுக்கு இடம்பெயர்ந்து வந்தோர் பலர், மாடுகளை அவிழ்த்துவிட்டே வந்தனர். நாய்களோ கூப்பிடாமலே உழவு இயந்திரத்தின் பின்னால் ஓடிவந்தன. வழியில் தவறிய நாயை, அன்று பிள்ளைகளாயிருந்தோர் இன்றும் பெயர்சொல்லி நினைப்பதுண்டு.

புதுக் காணியில் கொட்டில் போட்டதும் எங்கிருந்தோ ஒரு குட்டி வந்துவிடும். பிள்ளைகள் அதைப் பாயிலும் படுக்கவிடுவார்கள், தடுத்துப் பயனில்லை. ஆகவே விசர்நோய்த் தடுப்பூசியைக் குட்டியிலேயே போட்டு, ஆண்டுதோறும் திரும்பப் போடுவது அவசியம். ஊசி போடும் நாளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

கடித்தாலோ கீறினாலோ, "எங்கடை நாய்தானே" என்றிருக்க வேண்டாம். சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நோயின் குணங்குறிகள் தோன்றியபின் பிழைப்பது மிக அரிது. மஞ்சள், சுண்ணாம்பு பூசாதீர்கள். நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்து, கிட்டப் போகாது சோறும் தண்ணீரும் வைத்து 14 நாட்கள் கவனியுங்கள்.